வீடும் விதியும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. அரசு வழிகாட்டுதல், ஐ.எஸ். என்கிற இந்தியத் தரநிலைப் புத்தகம், சுற்றறிக்கை எல்லாம் மேஜையில் இருக்கின்றன. ஆனால் ஒரு கட்டடத்துக்கு ஸ்பெசிபிகேஷன், அதாவது எந்தப் பொருளை எப்படிப் போட வேண்டும் என்ற விவரம், எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. 1986-ல் வரைவாளராக வேலைக்குச் சேர்ந்து, 2019-ல் உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெறும்வரை நான் செய்ததும் இதே வேலைதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா, நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ராதாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை கட்ட எஸ்டிமேட் போட்டேன். பழைய எஸ்டிமேட்டைப் பார்த்து, ஒவ்வொரு ஐட்டத்தின் கடைசியிலும் ‘தொடர்புடைய ஐ.எஸ். விதிகளின்படியும் துறை அலுவலர்கள் சொல்வதன்படியும்’ என்று எழுதினேன். போன இதழில் அந்த வரியை நம்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். அதில் என்ன தப்பு?
— இளநிலைப் பொறியாளர், வள்ளியூர்

தம்பி, அந்த வரியை நானும் முப்பது வருஷம் எழுதியிருக்கிறேன். அதைக் கொத்தனாரிடம் படித்துக் காட்டிப் பாருங்கள். கம்பிக்கும் சென்டரிங் பலகைக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று அதிலிருந்து அவருக்குத் தெரியுமா?

கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பை எடுங்கள். கவர், அதாவது அந்த இடைவெளி, எவ்வளவு என்று கேட்டால் அது ஒரே எண்ணைச் சொல்லாது. உங்கள் கட்டடம் எந்தச் சூழலில் நிற்கிறது என்று திருப்பிக் கேட்கும். மைல்டு, மாடரேட், சிவியர், வெரி சிவியர், எக்ஸ்ட்ரீம் என்று ஐந்து சூழல்கள். அவற்றுக்கு வரிசையாக 20, 30, 45, 50, 75 மி.மீ. கவர். கம்பி போட்ட கான்கிரீட்டின் குறைந்தபட்ச கிரேடும் (உறுதியின் தரம்) எம் 20, எம் 25, எம் 30, எம் 35, எம் 40 என்று ஏறிக்கொண்டே போகும். ‘ஐ.எஸ். விதிகளின்படி’ என்று நீங்கள் எழுதியது இந்த ஐந்தில் எது? விதி உங்களைக் கேட்ட கேள்வியை நீங்கள் அப்படியே காண்டிராக்டர் கையில் கொடுத்துவிட்டீர்கள். அவர் செலவு குறைந்ததைத்தான் எடுப்பார். டெண்டரில் எல்லோரையும்விடக் குறைவான தொகை கேட்டு வேலை எடுத்தவரை அதற்காகக் குறை சொல்ல முடியாது.

எனக்கு இது புரிந்த கதையைச் சொல்கிறேன். 2003-ல், உவரிக்கும் கூடங்குளத்துக்கும் இடையில் கடலோர ஊர் ஒன்றில் சின்ன கட்டடம் ஒன்றுக்கு நான் எஸ்டிமேட் எழுதினேன். மார்ச் மாதம், நிதியாண்டு முடிகிற அவசரம். அம்பாசமுத்திரம் பக்கம் கட்டிய அதே அளவுக் கட்டடத்தின் எஸ்டிமேட் மேஜையில் இருந்தது. ஊர்ப் பெயரை மாற்றினேன், லீடு (பொருள் ஏற்றிவரும் தூரம்) மாற்றினேன், அனுப்பிவிட்டேன். எம் 20, தளத்துக்கு 20 மி.மீ. கவர், தூணுக்கு 40. காண்டிராக்டர் எழுதியதை எழுதியபடி செய்தார். கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் கியூப் டெஸ்ட் தேறியது. எட்டாவது வருஷம் சன்ஷேடின் அடியில் செம்பழுப்பாகக் கோடு விழுந்தது. ஒன்பதாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது பாளம் பாளமாக உதிர்ந்து விழுந்தது. கம்பி துருப்பிடித்தால் பருத்து, கான்கிரீட்டை உள்ளே இருந்து தள்ளும். நல்லவேளை, அன்று பிள்ளைகள் யாரும் கீழே இல்லை. நான் போய் அந்த இடத்தில் நின்றேன். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. ஆற்றங்கரை வயல்காட்டுக்கு எழுதியதைக் கொண்டுவந்து நான் கடற்கரையில் வைத்திருக்கிறேன். கடற்கரைச் சூழல் என்றால் ‘சிவியர்’ என்று அதே ஐ.எஸ். 456-ல் அச்சிட்டிருக்கிறது. அந்த அட்டவணையை நான் திறக்கவே இல்லை.

சரி, ‘சிவியர்’ என்று முடிவு செய்துவிட்டோம். அப்புறம்தான் வேலையே இருக்கிறது. அந்த ஒரு சொல் பின்னால் பல வரிகளை இழுத்துக்கொண்டு வரும். கிரேடு எம் 30 ஆகும். ஒரு கன மீட்டருக்குச் சிமெண்ட் 320 கிலோவுக்குக் குறையக் கூடாது. தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது. மூட்டைக்கு இத்தனை சட்டி மணல், இத்தனை சட்டி ஜல்லி என்று போடும் நாமினல் மிக்ஸ் எம் 20 வரைதான். எம் 30 என்றால் மிக்ஸ் டிசைன் வேண்டும், எடை போட்டுக் கலக்க வேண்டும். அதற்கு எஸ்டிமேட்டில் ரேட் இருக்கிறதா என்று பாருங்கள். ரேட் எம் 20-க்கும் வாசகம் எம் 30-க்கும் இருந்தால், கட்டடத்தில் எது போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

தண்ணீரையும் மறக்காதீர்கள். கடலோரத்தில் எத்தனையோ போர்வெல்களில் உப்புத்தண்ணீர்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. வேலை தொடங்கும் முன் தண்ணீர் டெஸ்ட் என்று ஒரு வரி, தேறாவிட்டால் லாரித் தண்ணீர் என்று இன்னொரு வரி, அதற்கு ஒரு ரேட். கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் அதே கிரேடு கான்கிரீட்டில் வார்த்ததாக இருக்க வேண்டும், ஜல்லித் துண்டைச் செருகக் கூடாது என்றும் எழுதுங்கள். 45 என்று எழுதினால் 10 மி.மீ. வரை கூடலாம், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அதையும் சேருங்கள். தளம் போடுவதற்கு முந்தின நாள் டேப்பை எடுத்துக்கொண்டு போகிற இளநிலைப் பொறியாளருக்கு அந்த வரிதான் பலம்.

கடைசியாக ஒன்று. கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை கடற்கரைச் சூழல் என்று அந்த அட்டவணை சொல்லவில்லை. ராதாபுரம் பக்கம் என்று மட்டும் நீங்கள் எழுதியிருப்பதால் நானும் இங்கிருந்து சொல்ல முடியாது. அந்த ஊருக்குப் போய், பத்து வருஷமான ஜன்னல் கம்பி, மின்கம்பத்துக் கிளாம்பு, வாசல் கேட் இவற்றைத் தடவிப் பாருங்கள். துரு இருந்தால் ‘சிவியர்’ என்றே எழுதுங்கள். சந்தேகமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

மேடம், தளம் போட்டு ஏழு நாள் தண்ணீர் கட்டினோம். ஸ்பெசிபிகேஷனில் ‘ஐ.எஸ். படி கியூரிங்’ என்றுதான் இருந்தது. இப்போது 14 நாள் கட்டவில்லை என்று பில்லில் பிடித்தம் செய்கிறார்கள். புத்தகத்தில் 7 நாள் என்று இருக்கிறதே?
— காண்டிராக்டர், பணகுடி

புத்தகத்தில் 7-ம் இருக்கிறது, 10-ம் இருக்கிறது, 14-ம் இருக்கிறது. சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள். வெயிலும் வறட்சியுமாக இருந்தால் எந்தச் சிமெண்டாக இருந்தாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. கலப்புச் சிமெண்டு என்றால் 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்று ஒரு பரிந்துரை.

நீங்கள் போட்டது எந்தச் சிமெண்ட் என்று எழுதவில்லை. பி.பி.சி. என்றால் உங்கள் 7 நாள் செல்லாது, 10 கட்டியிருக்க வேண்டும். அதே சமயம், எழுதாத 14-ஐ வைத்துப் பிடித்தம் செய்வதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. புத்தகத்தில் அது பரிந்துரைதான்.

விதிப் புத்தகம் படிக்கிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். ‘ஷேல்’ என்றால் செய்தே ஆக வேண்டும். ‘ஷுட்’, ‘ரெகமண்டட்’ என்றால் செய்வது நல்லது. ‘மே’ என்றால் செய்யலாம். ‘செய்வது நல்லது’ என்பதை எம்.புக்கில் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில்) அளந்து ஏற்ற முடியாது. ஒப்பந்தத்தில் அது சண்டையாகத்தான் முடியும். ஸ்பெசிபிகேஷன் எழுதுகிறவர் அந்த மாதிரி ஒவ்வொரு வரியின் முன்னும் நின்று, இந்த இடத்துக்கு இது வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். வேண்டுமென்றால் ‘வேண்டும்’ என்று எழுதி அதற்குக் காசும் ஒதுக்க வேண்டும். வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும். உங்கள் எஸ்டிமேட்டை எழுதியவர் அந்த முடிவை எடுக்காமல் விட்டதற்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

பணகுடிக்கு நான் எழுதியிருந்தால் 14 என்றே எழுதியிருப்பேன். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்களுக்குத் தெரியாததா? அந்தக் காற்றுக்காகத்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காலை ஆறு மணிக்கு நனைத்த தூண் எட்டு மணிக்குக் காய்ந்து வெளுத்துவிடும். அதனால் நாள் கணக்கு மட்டும் போதாது. தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், தூணுக்கும் உத்தரத்துக்கும் ஈரச்சாக்கு சுற்ற வேண்டும், சாக்கு காயக் கூடாது என்று எழுதியிருப்பேன். அதற்கு ஓர் ஆள் கூலியும் போட்டிருப்பேன்.

அரசு வேலைக்கு 43 கிரேடு சிமெண்ட் ‘ஐ.எஸ். 8112’ என்று டெண்டரில் இருக்கிறது. கடையில் அந்த எண் போட்ட மூட்டையே இல்லை. என்ன செய்ய?
— சிமெண்ட் வியாபாரி, நாங்குநேரி

2015-ல் ஐ.எஸ். 269-ஐத் திருத்தியபோது 33, 43, 53 கிரேடு மூன்றையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 43-க்கு இருந்த 8112-ம், 53-க்கு இருந்த 12269-ம் தனியாக இல்லை. டெண்டர் வாசகம் மட்டும் பழைய கோப்பிலிருந்து நகலாகி வந்துகொண்டே இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வேலையில் எண் பொருந்தவில்லை என்று லாரியோடு திருப்பி அனுப்பினார்கள். டெண்டர் திறக்கும் முன்பே எழுத்தில் விளக்கம் கேளுங்கள், திருத்தம் வெளியிடுவார்கள். எழுதுகிற தம்பி தங்கைகள், கோப்பை நகல் எடுக்கும் முன் அதிலுள்ள ஒவ்வொரு ஐ.எஸ். எண்ணும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அரை நாள் வேலை அது.

அம்மா, 2023 வெள்ளத்தில் எங்கள் பள்ளிக் கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. புதுக் கட்டடத்துக்கும் பிளிந்த் (வெளித் தரையிலிருந்து கட்டடத் தரையின் உயரம்) 450 மி.மீ.தான், விதி அப்படித்தான் என்கிறார்கள். உயர்த்தச் சொன்னால் சக்கர நாற்காலி ஏறுகிற சாய்தளம் நீளும், இடம் போதாது என்கிறார்கள். சாய்தளம் வெறும் வழிகாட்டுதல்தானே, விட்டுவிடலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். எது சரி?
— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ஸ்ரீவைகுண்டம்

உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். இரண்டு நல்ல விதிகள் ஒன்றோடொன்று மோதுகிற இடம் இது.

முதலில் 450. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சுற்றியுள்ள தரைமட்டத்திலிருந்து பிளிந்த் 450 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. மழைத்தண்ணீர் வாசலில் தேங்காமல் வடிய அது போதும். தாமிரபரணி கரை மீறி வருவதற்கு அது கணக்கு இல்லை. அதோடு ‘குறையக் கூடாது’ என்றுதான் இருக்கிறது, கூடக் கூடாது என்று இல்லை. குறைந்தபட்சத்தையே அளவாக எடுத்துக்கொள்வது நம் அலுவலகங்களில் ஊறிப்போன பழக்கம். ‘சுற்றியுள்ள தரைமட்டம்’ என்பதும் எந்தத் தரை? மைதானமா, ரோடா? ரோடு ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் உயர்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த தண்ணீர் உங்கள் பழைய சுவரில் ஒரு கறை விட்டுப்போயிருக்கும். அதை வெள்ளையடித்து மறைத்துவிடாதீர்கள். லெவல் கருவி வைத்து அந்தக் கறையின் மட்டத்தை, அசையாத ஒரு கல்லிலோ கோவில் படியிலோ குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்பெசிபிகேஷனில் ‘பிளிந்த் 450 மி.மீ.’ என்ற வரிக்குப் பதிலாக, ‘முடிந்த தரைமட்டம் இந்தக் குறியீட்டுக்கு மேல் இவ்வளவு’ என்று வர வேண்டும். உங்கள் ஊர் வெள்ளத்தை எந்தப் புத்தகமும் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள்.

இப்போது சாய்தளம். சரிவு 1-க்கு 12-ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. 450 உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம். பிளிந்தை 900 ஆக்கினால் 10.8 மீட்டர், லேண்டிங் (நடுவில் நின்று திரும்பும் சமதளம்) தனி. இடம் போதாது என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் சாய்தளம் நேராகவே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. லேண்டிங் வைத்து எல் வடிவில் திருப்பலாம், சுவரை ஒட்டி மடித்துக் கொண்டுவரலாம். கேட்டிலிருந்து வராந்தா வரை மண் கொட்டி, நடைபாதையையே கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டு வந்தால் கடைசியில் ஏற வேண்டிய உயரம் பாதியாகிவிடும். இதற்கு வரைபடத்தில் ஒரு நாள் உழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘வழிகாட்டுதல்தானே’ என்று சொன்னவருக்கு இதைச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் 2017-ல் வந்த விதிகளில் 15-வது விதி, அணுகல்தன்மைக்கான தரங்களைப் பரிந்துரை போலவே வைத்திருந்தது. சட்டம் கட்டாயமாக்கியதை விதி பரிந்துரையாக இறக்கக் கூடாது, அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. விட்டுக்கொடுக்க முடியாத அடிப்படைத் தேவைகளைத் தனியே பிரித்துக் கட்டாயமாக்கவும் சொன்னது. ஆக, அந்த வாதம் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்ற வாதம்.

என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவருக்கு இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பியிருந்தது. மற்றவர்கள் கட்டடத்துக்கு வரைபடம் போடுகிற அவர், எங்கள் அலுவலகத்து வாசல் படி நான்கையும் கைப்பிடி இல்லாமல் சுவரைப் பிடித்துத்தான் ஏறுவார். பதினோரு வருஷம் ஏறினார். அதனால்தான் சொல்கிறேன், ‘சாய்தளம் 1:12’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகாதீர்கள். இருபுறமும் கைப்பிடி ஓர் ஐட்டம், வழுக்காத தரை ஓர் ஐட்டம், ஓரத்தில் சக்கரம் இறங்காமல் தடுப்பு ஓர் ஐட்டம். எழுதாவிட்டால் பளபளப்பான டைல்ஸ் பதித்து வைப்பார்கள், மழை நாளில் நல்ல கால் உள்ளவர்களே அதில் விழுவார்கள்.

அக்கா, சொந்த வீடு கட்டுகிறோம். ஆற்று மணல்தான் வேண்டும் என்று மாமனார் பிடிவாதமாக இருக்கிறார். காண்டிராக்டர் எம் சாண்ட் என்கிறார். அவரோடு போட்ட ஒப்பந்தப் பத்திரத்தில் ‘நல்ல மணல்’ என்று எழுதியிருக்கிறோம். போதுமா?
— இல்லத்தரசி, பேட்டை

போதாது, தங்கச்சி. ‘நல்ல’ என்ற சொல்லுக்குச் சல்லடை கிடையாது.

மாமா சொல்வதில் எனக்கு வருத்தமும் மரியாதையும் உண்டு. எங்கள் காலத்தில் தாமிரபரணி மணல்தான் எல்லாவற்றுக்கும். அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகி, 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதில் மணல் அள்ளத் தடை போடுகிற நிலை வந்தது. ஐயா நல்லகண்ணு தானே கோர்ட்டில் நின்று வாதாடிய வழக்கு அது. இனிமேல் வீட்டுக்கு வரும் ‘ஆற்று மணல்’ எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கல்லை உடைத்துச் செய்யும் மணலுக்கு அரசுத் தரம் இருக்கிறது, ஐ.எஸ். 383, 2016 பதிப்பு. 75 மைக்ரான் சல்லடையில் இறங்குகிற நைந்த தூள், இயற்கை மணலில் 3 சதவீதம் வரைதான். உடைத்த கல்மணலில் 15 சதவீதம் வரை இருக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல், ஆற்று மணலுக்கு எழுதிய வரியிலேயே ‘அல்லது எம் சாண்ட்’ என்று ஒட்டவைப்பதுதான் பல அரசு எஸ்டிமேட்டிலும் நடக்கிறது. நீங்கள் பத்திரத்தில், கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 383, கட்டு வேலைக்கு ஐ.எஸ். 2116, பூச்சு வேலைக்கு ஐ.எஸ். 1542 என்று மூன்றையும் பிரித்து எழுதுங்கள். ஜல்லி உடைக்கும்போது விழுகிற கிரஷர் டஸ்டை எம் சாண்ட் என்று இறக்கக் கூடாது, பொதுப்பணித்துறைத் தரச்சான்று உள்ள ஆலையின் சீட்டோடு வர வேண்டும், வீட்டுக்காரர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் லாரியிலிருந்து கொட்ட வேண்டும் என்றும் சேருங்கள். கொட்டிய பிறகு எந்த மணலும் திரும்பிப் போனதை நான் பார்த்ததில்லை.

கையோடு ஒரு சோதனை. கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், கொஞ்சம் உப்பு. குலுக்கி இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிடுங்கள். மணலின் மேல் படிகிற நைந்த படலம் தடிமனாக இருந்தால் லேபுக்கு அனுப்புங்கள். முடிவு லேபுடையதுதான், பாட்டில் சந்தேகத்தை மட்டும் காட்டும்.

எங்கள் ஊருக்கு அங்கன்வாடிக் கட்டடம் வந்திருக்கிறது. மாதிரி வரைபடம் மேலிருந்து வந்ததாம், ஒரு கோடுகூட மாற்ற முடியாது என்கிறார்கள். எங்களுடையது கரிசல் மண். பக்கத்து ஊரில் இதே வரைபடத்தில் கட்டியது விரிசல் விட்டு நிற்கிறது.
— ஊராட்சி உறுப்பினர், மானூர் வட்டாரம்

அந்த மாதிரி வரைபடத்தின் அடியில் குறிப்புகளைப் படிக்கச் சொல்லுங்கள். மண்ணின் தாங்குதிறன் இவ்வளவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம், இடத்தில் சோதித்து அஸ்திவாரத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். மாதிரி வரைபடம் சுவர், ஜன்னல், பரப்பளவுக்குத்தான் மாதிரி. தரைக்குக் கீழே இருப்பது அந்தந்த ஊருடையது.

கரிசல் மழையில் உப்பிப் பெருகும், கோடையில் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். எவ்வளவு உப்பும் என்று பார்க்கப் பெரிய செலவே இல்லை. ஐ.எஸ். 2720, பகுதி 40. சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. கண்ணாடிக் குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி 24 மணி நேரம் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் ஊர் மண்ணின் குணம். அந்தத் தாளை இணைத்து, அஸ்திவாரம் மட்டும் மாற்ற அனுமதி கேட்டுக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட மண்ணுக்கு ரூர்க்கி சி.பி.ஆர்.ஐ. (மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) வளர்த்தெடுத்த அண்டர்ரீம்டு பைல் என்ற ஆழத் தூண் அஸ்திவாரம் இருக்கிறது. அடியில் குமிழ் மாதிரி அகலமாக, பெரும்பாலும் தண்டின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு இருக்கும். ஐ.எஸ். 2911, பகுதி 3 அதற்கான விதி. மேலே வருகிற உத்தரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும் என்ற வரி மட்டும் விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் உப்புகிற மண் உத்தரத்தையே தூக்கும்.

‘மாற்ற முடியாது’ என்று வாயால் சொன்னவர் அதையே எழுத்தில் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில், டெஸ்ட் ரிப்போர்ட்டோடு போன கடிதத்தை யாரும் அப்படியே திருப்பியதில்லை. தாமதமானது உண்டு.

ஸ்பெசிபிகேஷனில் பிராண்ட் பெயர் எழுதலாமா?
— சிவில் மாணவி, பாளையங்கோட்டை

அரசு வேலையில் கூடாது. பொருள் எப்படி வேலை செய்ய வேண்டும், எந்த ஐ.எஸ். தரம், எந்தச் சோதனை என்று எழுது. வேறு வழியே இல்லாமல் பெயர் போட வேண்டி வந்தால் ‘அல்லது அதற்கு இணையான’ என்று சேர்த்து, எதில் இணை என்பதையும் எழுது. வெறும் ‘இணையான’ என்பது பிராண்ட் பெயரைவிட மோசம், மோட்டாருக்கு இணையாக எதையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

மேடம், மொட்டைமாடிக்கு வெதரிங் கோர்ஸ் (வெயில், மழை தாங்கும் மேல்தளம்) ஐட்டத்தில் இன்னும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு 32-க்கு 12½ என்றே ஸ்பெசிபிகேஷன் வருகிறது. அதை அடிக்க ஆளே இல்லை. சைட்டில் எல்லோரும் கொஞ்சம் சிமெண்டைக் கலந்து போட்டு மேலே தட்டோடு பதித்துவிடுகிறார்கள். எம்.புக்கில் சுண்ணாம்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட என் மனசு கேட்கவில்லை.
— உதவிப் பொறியாளர், சேரன்மகாதேவி

உங்கள் மனசு கேட்காததே பெரிய விஷயம். அதை விட்டுவிடாதீர்கள்.

என் அப்பா கல்லிடைக்குறிச்சியில் கொத்தனார். அந்தத் தளம் அடிப்பதைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டையால் அடிப்பார்கள். நாள் கணக்கில் அடிப்பார்கள். கட்டை பதியாமல் துள்ளுகிற பதம் வந்தால்தான் அப்பா நிறுத்தச் சொல்வார். அவருக்கு 32-க்கு 12½ என்று எழுதிய புத்தகம் தெரியாது. புத்தகத்தை எழுதியவர்கள் அவரைப் போன்ற ஆட்களைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும் என்றுதான் நான் பிற்பாடு அதைப் படித்தபோது நினைத்தேன்.

விகிதம் மட்டும் புத்தகத்தில் தங்கிவிட்டது. அடிக்கிற கை போய்விட்டது. சுண்ணாம்புக் கலவையை அடிக்காமல் விட்டால் அது தண்ணீரைக் குடிக்கிற பஞ்சு. அதனால் இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். சுண்ணாம்பே வேண்டும் என்றால், எத்தனை நாள் நீற்ற வேண்டும், எத்தனை நாள் எத்தனை பேர் அடிக்க வேண்டும், எந்தப் பதத்தில் நிறுத்த வேண்டும் என்று எழுதி, அந்தக் கூலியை ரேட்டில் காட்டுங்கள். முடியாது என்றால், இந்த ஐட்டத்தை இந்தக் காரணத்தால் மாற்றுகிறோம் என்று மேலே எழுதி அனுமதி வாங்கி, சைட்டில் உண்மையிலேயே போடப்போவதை எழுதுங்கள். வாட்டம் எவ்வளவு, தண்ணீர்த்தடுப்புப் படலம் எது, அதன்மேல் தட்டோடு எந்தக் கலவையில் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு வழியிலும் கடைசி வரி ஒன்றாகவே இருக்கட்டும்: மாடியில் தண்ணீர் போகும் குழாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழே சீலிங்கில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே பில். எம்.புக்கில் நீங்கள் கையெழுத்துப் போடுவது அந்தக் காய்ந்த சீலிங்குக்காக இருக்கும்.

சேரன்மகாதேவி, வீரவநல்லூர்ப் பக்கம் தளம் அடிக்கத் தெரிந்த பாட்டிமார் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள். இருந்தால் நானே வருகிறேன். கட்டை எந்தப் பதத்தில் துள்ளும் என்று அவர்கள் வாயால் கேட்டு, அடுத்த இதழில் அப்படியே போடுகிறேன்.